கிளினிக் வாசலில் நின்று அடையாள அட்டை கேட்கிறார்கள்: தென்னாப்பிரிக்கா பற்றி ஒரு விவாதம்

பதிவு 1, தென்திசை (ஜோகன்னஸ்பர்க்)

வணக்கம். பதினோரு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். இங்கே நடப்பதை ஊரில் உள்ளவர்களிடம் போனில் சொன்னால், "அங்கே எப்பவும் அப்படித்தானே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

எங்கள் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு வரும் பெண் ஜிம்பாப்வேக்காரர். கடந்த ஜூலையில் அவருக்கு ஏழாம் மாதம். பரிசோதனை நாள் என்பதால் அரசு கிளினிக்குக்கு என் காரிலேயே கூட்டிப்போனேன். வாசலில் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்ட ஏழெட்டுப் பேர் நின்றார்கள். போலீஸ் இல்லை, கிளினிக் ஊழியர்களும் இல்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் தென்னாப்பிரிக்க அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். இவர் கையில் கர்ப்பகாலச் சோதனை அட்டைதான் இருந்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "உன் நாட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்" என்றான் ஒருவன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவனுக்கு. காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் எதுவும் பேசாமல் வரிசையை விட்டு நழுவிப் போனார்கள்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வெளிநாட்டுக்காரன்தான், என் பையில் இருப்பதும் வேலை விசாதான். காரில் வந்து இறங்கிய என்னை அவர்கள் அயலானாகப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு இரவு அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த நவம்பரில் (2025) ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம், வெளிநாட்டவரை வெளியேற்றக் கோரும், அன்று வாசலில் நின்ற 'ஆபரேஷன் டுடுலா' இயக்கத்தினர் யாரிடமும் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கேட்கக் கூடாது, கிளினிக்கிலும் பள்ளியிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. டுடுலா என்றால் ஜூலு மொழியில் 'தள்ளி வெளியேற்று' என்று பொருள். உத்தரவு வந்ததில் நிம்மதிதான். ஆனால் அந்த வாசலில் நின்றவர்களின் கோபத்தை எந்த உத்தரவும் தீர்க்கப்போவதில்லை. அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பதிவு 2, கணக்கன் (டர்பன்)

தென்திசை அண்ணே, படிச்சதும் வருத்தமாத்தான் இருந்தது. கர்ப்பிணிப் பெண்ணைத் தடுத்தது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா இந்த இழை ஒரு பக்கமாவே போயிடக் கூடாதுன்னு எழுதறேன்.

நான் டர்பன்ல ஒரு லாரிக் கம்பெனியில கணக்குப் பாக்கறேன். தினமும் காலையில எங்க கேட்டுக்கு வெளிய இருபது முப்பது பசங்க நிப்பாங்க, லோடு இறக்க ஆள் வேணுமான்னு கேட்டுக்கிட்டு. எல்லாரும் இந்த நாட்டுப் பசங்க. பள்ளிப் படிப்பு முடிச்ச சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில போட்டுக் கையிலயே வெச்சிருப்பாங்க. மூட்டை தூக்கற வேலைக்கு யாரு அதைக் கேக்கப் போறா? ஆனாலும் கொண்டு வராங்க. வேலை தேடறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு இந்த நாட்டுல வேலை கிடையாது. 24 வயசுக்குக் கீழ பாத்தா பத்துல ஆறு பேர் சும்மா இருக்காங்க. அந்தப் பசங்க கண்ணு முன்னாடியே மலாவிக்காரன் உள்ள போறான், மொசாம்பிக்காரன் உள்ள போறான். ஏன்னா அவன் குறைஞ்ச கூலிக்கு ஒத்துக்கறான்.

அடிக்கறது தப்புன்னு நாமளும் சொல்லலாம், கோர்ட்டும் சொல்லலாம். வயிறு எரியறவன்கிட்ட போய் அதைச் சொல்ற யோக்கியதை நமக்கு இருக்கான்னுதான் கேக்கறேன்.

பதிவு 3, நெய்தல்

கணக்கன், உங்கள் கேள்வி நேர்மையானது. அந்தப் பையன்களின் சான்றிதழைப் பற்றி எழுதியது மனதில் நிற்கிறது. ஆனால் "வயிறு எரிகிறது, அதனால் அடிக்கிறான்" என்ற கணக்கு நேராக இல்லை.

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் தொடங்கிய வன்முறை மற்ற ஊர்களுக்கும் பரவி 62 பேர் செத்தார்கள். மொசாம்பிக்கிலிருந்து வந்த ஒருவரை நடுத்தெருவில் உயிரோடு கொளுத்தினார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஆனால் அந்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். இது எப்படி நடந்தது? தெருவில் ஆட்களை நிறுத்தி, முழங்கையைத் தொட்டுக் காட்டி, இதற்கு ஜூலுவில் என்ன பெயர் என்று கேட்டார்கள். 'இந்தோலொல்வானே' என்று வாயில் வரவில்லை என்றால் நீ அயலான். நாட்டின் வட கோடியில் வெண்டா பேசும், சோங்கா பேசும் மக்கள் அந்தச் சொல்லுக்கு எங்கே போவார்கள்? நிறம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தாலே சந்தேகம்.

2019 செப்டம்பரிலும் இதே கதை. ஜோகன்னஸ்பர்க்கில் கடைகள் எரிந்தன, 12 பேர் இறந்தார்கள். அதில் 10 பேர் தென்னாப்பிரிக்கர்கள் என்று அரசே சொன்னது. அந்த மாதம் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில், அந்நாட்டு முன்னாள் அதிபர் முகாபேயின் இறுதி அஞ்சலிக்குப் போன தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசாவைக் கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. அவர் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டார்.

அயலானைத் தேடிக் கிளம்பும் கூட்டம் அயலானோடு நின்றதே இல்லை.

இன்னொன்று. ஏழ்மைதான் காரணம் என்றால் ஏழைகள் வாழும் எல்லாப் பேட்டைகளிலும் எரிந்திருக்க வேண்டும். அப்படி எரியவில்லை. அதே வறுமை, அதே வேலையின்மை, அதே அளவு வெளிநாட்டவர் உள்ள இரண்டு பேட்டைகளில் ஒன்று எரிந்தது, இன்னொன்று அமைதியாக இருந்தது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடம் களத்தில் இருந்து கண்டது இதைத்தான்: எரிந்த இடங்களில் பெரும்பாலும் யாரோ கூட்டம் கூட்டியிருக்கிறார்கள். உள்ளூர்த் தலைவர் ஆக நினைத்தவர், போட்டிக் கடைக்காரர், கமிட்டி ஆள் என்று யாரோ ஒருவர். பசி காய்ந்த சருகாகக் கிடக்கிறது என்பது உண்மை. தீக்குச்சியைக் கிழித்த கை வேறு.

பதிவு 4, தென்திசை

கணக்கன் தம்பி, அந்த யோக்கியதை நமக்கு இருக்கிறதா என்று நானும் யோசித்தேன். அந்தப் பையன்களிடம் போய்ப் பாடம் நடத்த எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அவர்களை ஏவிவிடுகிறவர்களைப் பற்றிப் பேச உரிமை வேண்டியதில்லை.

கடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே ஸ்பாசா கடை என்பார்கள். டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு) தெருக்களில் வீட்டின் முன்னறையிலோ கார் ஷெட்டிலோ நடக்கும் சின்ன மளிகைக் கடை. சோமாலியர், எத்தியோப்பியர், வங்கதேசத்தவர் நிறையப் பேர் நடத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு எத்தியோப்பியர் கடை சொவெட்டோவில் இருக்கிறது. முன்னால் முழுக்க இரும்புக் கம்பி. ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறப்பு, அது வழியாகத்தான் காசும் சாமானும். சர்க்கரையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார். அரை ரொட்டி கொடுப்பார். குழந்தைக்கான டயப்பரைப் பாக்கெட் பிரித்து ஒன்று, இரண்டு என்று விற்பார். கையில் பத்து ராண்டு மட்டும் உள்ள தாய் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் போய் ஒரு டயப்பர் வாங்க முடியாது. இரவு பத்து மணிக்கும் கடை திறந்திருக்கும், ஏனென்றால் அவர் தூங்குவதே மூட்டைகளுக்கு நடுவில்தான். நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் விலையும் குறைவு.

அந்த இடம் ஒரு பாட்டியுடையது. 'கோகோ' என்று தெருவே கூப்பிடும். கணவர் இல்லை, பேரப்பிள்ளைகள் நான்கு பேர். முதியோர் உதவித்தொகையும் இந்தக் கடை வாடகையும்தான் அந்தக் குடும்பத்தின் வருமானம். ஒரு முறை கூட்டம் வந்து கடையை உடைத்தபோது ஃப்ரிட்ஜ்கூட மிஞ்சவில்லை. மூன்று மாதம் கடை பூட்டிக் கிடந்தது. அந்த மூன்று மாதமும் கோகோவுக்கு வாடகை இல்லை, தெருவுக்கு அரை ரொட்டி இல்லை. உடைத்துத் தூக்கிப் போனவர்களில் ஒருவன் அவருடைய மூத்த பேரன். இதை அவரே என்னிடம் சொன்னார், சேலை முந்தானை போல அங்கே தோளில் போடும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

வேலை பறிபோகிறது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம். 1996 முதல் 2011 வரையிலான தரவுகளை வைத்து உலக வங்கி செய்து, 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: வேலைக்கு வந்த ஒரு குடியேறி, உள்ளூர்க்காரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வேலையை உண்டாக்குகிறார் என்கிறது. அதற்காக அந்தப் பையனின் பசி தீர்ந்துவிடாது, தெரியும். ஆனால் 6.2 கோடிப் பேர் உள்ள நாட்டில் 2022 கணக்கெடுப்புப்படி வெளிநாட்டில் பிறந்தவர்கள் 24 லட்சம். நூற்றுக்கு நான்கு பேர். அந்த நான்கு பேரை விரட்டிவிட்டால் மின்வெட்டால் மூடிய ஆலைகள் திறந்துவிடுமா? அரசுப் பணத்தைத் தின்றவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா?

பதிவு 5, மட்டுறுத்துநர்

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். ஆப்பிரிக்கக் குடியேறிகளை இழிவாகக் குறிக்கும் அந்தச் சொல்லை மேற்கோளாகக்கூட இங்கே எழுத வேண்டாம். அவர்கள் பேசும் மொழி காதுக்குப் புரியாத சத்தம் என்று கேலி செய்ய உண்டான சொல் அது. மாற்றுக் கருத்துக்குத் தடை இல்லை, கணக்கன் எழுதுவது போல எழுதுங்கள்.

பதிவு 6, நட்டால்பேத்தி (டர்பன்)

வணக்கம். என் தமிழ் நான் பெரியவளான பிறகு படித்த தமிழ். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

என் கொள்ளுத்தாத்தா, டர்பன் இருக்கும் நட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860இல் மதராஸிலிருந்து வந்தது. 342 பேர். என் கொள்ளுத்தாத்தா வந்தது அதற்குப் பல வருடம் பின்னால். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே இருந்தால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி என்று 1895இல் சட்டம் போட்டார்கள். அப்போது வெள்ளைக்கார வியாபாரிகள் பேசியது என்ன தெரியுமா? இந்தியன் குறைந்த லாபத்துக்கு விற்கிறான். இந்தியன் அரை வயிறு சாப்பிட்டுக் கடையிலேயே தூங்குகிறான். நம் வியாபாரம் போச்சு. தென்திசை எழுதிய எத்தியோப்பியரைப் பற்றி இன்று பேசும் அதே பேச்சு.

1949 ஜனவரி. டர்பன் விக்டோரியா தெருவில் ஒரு இந்தியக் கடைக்காரர் ஒரு ஆப்பிரிக்கப் பையனை அடித்தார். அந்தச் செய்தி ஊதிப் பெருகி மூன்று நாள் கலவரம். 142 பேர் செத்தார்கள். அதில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். ஆப்பிரிக்கர்களில் அதிகம் பேர் போலீஸ், ராணுவத் துப்பாக்கியில் செத்தவர்கள். எங்கள் வீடு அப்போது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில். என் பாட்டி இரண்டு குழந்தைகளோடு பக்கத்து வீட்டு ஜூலு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு ராத்திரி முழுவதும் இருந்தார். வாசலில் ஆட்கள் வந்து கேட்டபோது அந்த அம்மா, "இங்கே என் பிள்ளைகள் தூங்குகிறார்கள்" என்றாராம். என் அம்மா அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. கட்டிலுக்கு அடியில் இருந்த சாணி மெழுகிய தரையின் வாசனை கடைசிவரை ஞாபகம் இருந்தது என்பார்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் கலவரமும் கொள்ளையும் வந்தபோது டர்பன் பக்கத்தில் இந்தியர்கள் நிறைய வாழும் பீனிக்ஸில் நம் ஆட்கள் தெருவை அடைத்தார்கள். பயம்தான் காரணம், பொய் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் 36 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். வேலைக்குப் போனவர்களும், வீட்டுக்குத் திரும்பியவர்களும் அதில் உண்டு. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவர்களின் பேரன்களும் வாசலில் நின்று "நீ யார், எங்கே போகிறாய்" என்று கேட்டார்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

பதிவு 7, கணக்கன்

அம்மா, உங்க தமிழ்ல ஒரு தப்பும் இல்ல. உங்க பாட்டி கதையைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல.

ஆனாலும் ரெண்டு விஷயம். ஒண்ணு, எல்லை. லிம்போபோ ஆத்தைக் கடந்து பேப்பர் இல்லாம வர்றாங்க, அரசாங்கம் பாத்துக்கிட்டிருக்கு. சட்டப்படி நடக்கணும்னு கேக்கறதும் வெறுப்புதானா? ரெண்டாவது, போன வருஷம் (2024) சொவெட்டோ நலேடியில ஆறு குழந்தைங்க விஷத்துல செத்துப்போச்சு. வெளிநாட்டுக்காரங்க ஸ்பாசா கடையில வாங்கின, பூச்சிமருந்து கலந்த தின்பண்டம்னு பேச்சு. அந்தப் பெத்தவங்க கோபத்துக்கு என்ன பதில்?

பதிவு 8, செவிலி

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தவள். சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தக் குழந்தைகளைக் கொன்றது டெர்புஃபோஸ் என்ற விவசாயப் பூச்சிமருந்து. வீடுகளில் வைக்கக் கூடாத அதை டவுன்ஷிப் தெருவில் எலிமருந்து என்று விற்கிறார்கள். ஏன் வாங்குகிறார்கள்? குப்பை அள்ளுவதில்லை, எலி பெருகிவிட்டது. பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி நகராட்சியிடமும், அந்த மருந்து சந்தைக்கு வர விட்டவர்களிடமும். இது வெளிநாட்டவர் கடைகளில் மட்டும் உள்ள பிரச்சினை இல்லை என்று அதிபரே தொலைக்காட்சியில் சொன்னார். கடைகள் பதிவு செய்யப்பட வேண்டும், சோதனை நடக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கிளினிக் விஷயம். அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு சுகாதார சேவை 'ஒவ்வொருவருக்கும்' என்கிறது, குடிமகனுக்கு என்று சொல்லவில்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது. அதை விடுங்கள், நோயைப் பாருங்கள். கிளினிக் வாசலில் தடுத்ததால் காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்திய ஒருவர் வீட்டுக்குத் திரும்பி, எல்லாரும் போகும் அதே மினிபஸ் டாக்சியில், ஜன்னல் மூடிய வண்டியில், பதினைந்து பேரோடு உட்கார்ந்து போகிறார். அவர் இருமும்போது கிருமி யாரிடமும் அட்டை கேட்பதில்லை.

பதிவு 9, நெய்தல்

சட்டம் கேட்பது வெறுப்பா என்று கணக்கன் கேட்டார். இல்லை. எல்லைக் காவலும் பர்மிட் முறையும் எந்த அரசுக்கும் உண்டு. ஆனால் அதைச் சோதிக்கும் அதிகாரம் குடியேற்ற அதிகாரிக்கும் போலீசுக்கும்தான். நீதிமன்றம் சொன்னதும் அதுதான். தெருக்கூட்டம் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டத்தைக் கேட்பதாகச் சொல்ல முடியாது.

இந்த நாட்டில் தெருவில் நிறுத்திச் சீட்டுக் கேட்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நிறவெறி அரசு கறுப்பின மக்களைப் பாஸ் புத்தகம் இல்லாமல் நடமாட விடவில்லை. அதை எதிர்த்துத் திரண்டவர்களில் 69 பேரை 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போராட்டத்தில் தப்பியவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைமையகம் சாம்பியாவின் லுசாகாவில் இருந்தது. அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக மொசாம்பிக்கின் மட்டோலா மேல் 1981இலும், லெசோதோவின் மசேரு மேல் 1982இலும் தென்னாப்பிரிக்க ராணுவம் பாய்ந்தது. மசேருவில் செத்தவர்கள் 42 பேர், அதில் லெசோதோ மக்களும் உண்டு. தங்கச் சுரங்கங்களில் ஒரு நூற்றாண்டு நுரையீரலைக் கொடுத்தவர்களும் மொசாம்பிக், லெசோதோ, மலாவி ஆட்கள்தான். இன்று லிம்போபோ ஆற்றைக் கடப்பவர் புதுப் பாதையில் வரவில்லை. அவருடைய தாத்தாவைச் சுரங்க முதலாளிகள் ஆள் அனுப்பிக் கூட்டிவந்த பாதை அது.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. தில்லையாடி வள்ளியம்மையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் எதற்காகச் சிறை போனார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1913இல், உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல், ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நட்டால் எல்லையைக் கடந்த சத்தியாக்கிரகிகளில் அவரும் ஒருவர். மூன்று பவுன் வரியும் அந்தப் போராட்டத்தின் காரணங்களில் ஒன்று. கடுங்காவல் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 16. ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய நினைவுக் கல் இருக்கிறது. அன்றைய சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் சட்டவிரோதமாக எல்லை கடந்தவர்.

பதிவு 10, தென்திசை

நெய்தல், அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. இந்த ஞாயிறு போகிறேன்.

முதல் பதிவில் சொன்ன பெண்ணைப் பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு வேறொரு கிளினிக்குக்குப் போனோம், அங்கே பார்த்தார்கள். செப்டம்பரில் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். பரிசோதனை இல்லாமல் திரும்பிப் போன மற்ற இரண்டு பெண்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. அவர்களையும் காரில் ஏற்றியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

பதிவு 11, கணக்கன்

நாலு நாள் கழிச்சு எழுதறேன். மன்னிக்கணும்.

"குறைஞ்ச கூலிக்கு ஒத்துக்கறான்"னு நான்தான் எழுதினேன். எழுதிட்டு ஆபீஸ்ல உக்காந்திருந்தப்போ அந்தக் கூலியைக் கொடுக்கறது யாருன்னு தோணுச்சு. எங்க கம்பெனி லோடு ஆட்களை நேரா எடுக்கறதில்ல, ஒரு கான்டிராக்டர் மூலமா வராங்க. அவர் பில் என் மேசைக்குத்தான் வருது, நான்தான் பாஸ் பண்றேன். பழைய பில் எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பாத்தேன். 2025 மார்ச்ல சட்டப்படி குறைஞ்சபட்சக் கூலியை மணிக்கு 28.79 ராண்டா ஆக்கினாங்க. எங்ககிட்ட அதுக்கு மேல போட்டுத்தான் வாங்கறாரு. சனிக்கிழமை கீழ போய் மலாவிக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். முதல்ல பயந்தாரு. அப்புறம் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாரு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், கையில 120 ராண்ட். மணிக்குப் பன்னெண்டு. மீதி எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

பேப்பர் இல்லாதவன் லேபர் ஆபீஸ்ல போய்ப் புகார் கொடுக்க மாட்டான்னு கான்டிராக்டருக்குத் தெரியும். அதனாலதான் அவனை எடுக்கறாரு. வெளிய நிக்கற பையன் சட்டப்படி கூலி கேப்பான், அதனால அவனை எடுக்கறதில்ல. ரெண்டு பேரையும் ஏமாத்தறது ஒரே ஆளு. நடுவுல கையெழுத்துப் போட்டது நான். கேட்டுக்கு வெளிய நிக்கறவனுக்குக் கண்ணுக்குத் தெரியறது மலாவிக்காரர் மட்டும்தான். என் மேசை அவனுக்குத் தெரியாது.

மேனேஜர்கிட்ட பேசினேன். அடுத்த மாசத்துலேர்ந்து ஆள் பேரு, மணிக்கணக்கு, கையெழுத்தோட கூலிப் பட்டியல் இல்லாம பில் பாஸ் பண்ண மாட்டேன்னு சொல்லியிருக்கேன். மேனேஜர் "பாக்கலாம்"னாரு. கான்டிராக்டர் நேத்து போன் பண்ணிக் கத்தினாரு. இந்த ஆளுங்களை நிறுத்திட்டு வேற ஆள் கூட்டிட்டு வருவேன்னு மிரட்டறாரு. அப்படிச் செஞ்சா அந்த மலாவிக்காரருக்கு நான் நல்லது செஞ்சேனா கெட்டது செஞ்சேனான்னு தெரியல. இங்க லேபர் சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க: பேப்பர் இல்லாத ஆளுக்கும் பாக்கிக் கூலியைக் கேட்டு வாங்க வழி இருக்கா?

பதிவு 12, செவிலி

இருக்கிறது, கணக்கன். பர்மிட் இல்லாமல் வேலை பார்த்தாலும் தொழிலாளர் உரிமை உண்டு என்று 2008இலேயே இங்கே தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சமரச ஆணையம் புகாரை எடுத்துக்கொள்ளும், கட்டணம் கிடையாது. குடியேறிகளுக்காக இலவசமாக வாதாடும் வழக்கறிஞர்களை எனக்குத் தெரியும், எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன். அந்த ஆளை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். வெளியே நிற்கும் பையன்களில் யாராவது சம்மதித்தால் அவர்களையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். பழைய பில்களை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே.